அத்தானின் முந்நூறு வினைச்சொற்கள்

என் அக்காவைக் கட்டியவருக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவரே சொன்னதால் தெரியும். சரிபார்க்க எங்களில் ஒருவருக்கும் வழியில்லை என்பதால் அந்தப் புலமை பல வருடம் கேட்பாரில்லாமல் செழித்து வளர்ந்தது.

அத்தான் இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து, எது புது அடி, எது பழைய அடி என்று பிரித்துச் சொல்வது வேலை. கார்க்காரர் தலையில் கட்டோடு பக்கத்தில் நிற்பார். அத்தான் அவரை ஏறிட்டும் பார்க்காமல் பம்பருக்குள் டார்ச் அடித்து, "இது ஏற்கெனவே இருந்தது" என்பார். கட்டுப் போட்ட தலையும் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது என்று சொல்லாமல் விட்டாரே, அதுவே அவருடைய பெருந்தன்மை.

அதே டார்ச்சைத்தான் அவர் ஆங்கிலத்தின் மேலும் அடித்தார். அவர் கணக்குப்படி ஆங்கிலம் என்று தனியாக ஒரு மொழியே கிடையாது. பிரெஞ்சு என்கிற நல்ல வண்டி கடல் தாண்டிப் போய் மோதி, நசுங்கி, வேறு பெயின்ட் அடிக்கப்பட்டதுதான் ஆங்கிலம். கல்லூரியில் ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவருக்கு இந்தக் கண்டுபிடிப்பு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். தன்னைத் தோற்கடித்தது ஒரு அசல் வண்டிகூட இல்லை, நசுங்கின பழைய வண்டி!

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 'பார்லே' என்றால் பிரெஞ்சில் பேசுவது, அதிலிருந்துதான் பார்லிமென்ட். 'ஃபினீர்' என்றால் முடிப்பது, அதுதான் ஃபினிஷ். 'பூனீர்' என்றால் தண்டிப்பது; அதுதான் பனிஷ். டீயோடு பிஸ்கட் வைத்தால் போதும், "இது என்னன்னு தெரியுமா?" என்று கையில் தூக்கிப் பிடிப்பார். தெரியும் என்று சொன்னவன் கெட்டான். "பிஸ் என்றால் ரெண்டு தரம். குயீ என்றால் வெந்தது. ரெண்டு தரம் வெந்தது!" அவர் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போய் மூன்றாம் தரம் சுட வைக்க வேண்டியிருக்கும். ஒருமுறை ஊரில் கலவரமாகி எல்லோரும் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, இவர் ஜன்னலோரம் நின்று, "கர்ஃப்யூ என்றால் நெருப்பை மூடு என்று அர்த்தம்" என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

சர்வேயர் என்ற சொல்லும் பிரெஞ்சு வழி வந்ததாம். மேலிருந்து பார்ப்பவன் என்று பொருளாம். இதை மட்டும் அவர் எங்களுக்கு விளக்கியிருக்கவே வேண்டாம்.

எதை எடுத்தாலும் வேர், வேர் என்று தோண்டியதால் ஆபீஸில் அவருக்கு 'வேர்க்கடலை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். சொல்லவில்லை.

பிரெஞ்சைக் கற்றுக்கொள்ளத் தனியாக உழைக்க வேண்டியதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். ஆங்கிலச் சொல்லின் நசுங்கலைத் தட்டி எடுத்தால் உள்ளே பிரெஞ்சு இருக்கிறது. அப்படித் தட்டித் தட்டி முந்நூறு வினைச்சொற்களைச் சேர்த்து வைத்திருந்தார். உச்சரிப்புக்கு மட்டும் பாடக் கேசட் வாங்கிக் கேட்டார். மனிதருக்கு நல்ல காது. ஆகவே உச்சரிப்பு அசலாக வந்தது, அர்த்தம் மட்டும் சொந்தத் தயாரிப்பு. உச்சரிப்பு கோணலாக இருந்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காதே.

வீட்டில் ஒரு கார் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஓடியது என்று சொல்ல முடியாது. தினமும் நசுங்கின வண்டிகளையே பார்த்துப் பார்த்து, நசுங்காத வண்டியைத் தெருவில் இறக்க அவருக்கு மனம் வரவில்லை. அவரைக் கூட்டிப் போக ஆபீஸ் ஜீப் வரும். கார் ஷெட்டில் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். அக்கா கல்யாணத்துக்கு முன்பே டிரைவிங் ஸ்கூலில் படித்து லைசென்ஸ் எடுத்தவள். வந்த புதிதில் ஒருமுறை சாவியைக் கேட்டாள். அத்தான் அவளை உட்காரவைத்து, பெண்கள் ஓட்டிய வண்டிகளின் போட்டோக்களைக் காட்டினார். ஆண்கள் ஓட்டிய வண்டிகளின் போட்டோக்கள் அதைப் போலப் பத்து மடங்கு இருந்தன. அவற்றைக் காட்ட நேரம் போதவில்லை. அதற்குப் பிறகு அக்காவின் லைசென்ஸ், தபால் ஆபீஸில் அடையாளம் காட்ட மட்டும் பயன்பட்டது. காலம் முடியும்போதெல்லாம் ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டு வந்தாள். எதற்கு என்று நானும் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வெளிநாட்டில் வேலை பார்த்த அவர்கள் மகள் போன் செய்தாள். கூட வேலை செய்யும் பல் டாக்டரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். வேறு அப்பாவாக இருந்தால் போனைக் கீழே எறிந்திருப்பார். அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்க வீட்ல என்ன பாஷை பேசுவாங்க?"

"பிரெஞ்சுப்பா."

அவ்வளவுதான். பையன் குணம் எப்படி, குடி உண்டா, முன்கோபம் உண்டா, ஒன்றும் கேட்கவில்லை. பரணிலிருந்து கேசட்டுகளை இறக்கத் தொடங்கிவிட்டார்.

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும்தான். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு மூவரும் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மா ஓங்குதாங்கான பெண்மணி. கழுத்தோடு வெட்டிய நரைமுடி, அகலமான உள்ளங்கை. கை குலுக்கினால் குலுங்குவது நம் தோளாக இருக்கும். பிரெஞ்சைத் தவிர வேறு மொழியில் ஒரு சொல் தெரியாது.

முதல் நாள் சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மாள் அத்தான் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார். அத்தான் முகம் வெளிறியது. மகளும் மாப்பிள்ளையும் மாடியில் இருந்தார்கள். அத்தான் எங்களை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்.

"டிமாண்ட் வைக்கிறாங்க."

"என்னது?" என்றாள் அக்கா.

"தெமாந்தேன்னு தெளிவா சொன்னாங்க. டிமாண்ட். காதல் கல்யாணம், ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு உன் பொண்ணு சொன்னாளே, இப்பப் பாரு!"

"எவ்வளவு கேக்கறாங்க?" என்றேன் நான்.

"அது புரியல. ஆனா கேக்கறாங்க."

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். உலகத்தில் எங்கே போனாலும் மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளை வீட்டார்தான் என்று நான் ஒரு தத்துவம் சொன்னேன். மகள் கீழே வந்து சம்பந்தியம்மாவிடம் விசாரித்துவிட்டு எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

"இன்னொரு தலையணை கிடைக்குமான்னு கேட்டாங்க. தெமாந்தேன்னா சும்மா கேக்கறதுப்பா. டிமாண்ட் பண்றது இல்ல."

"அது ஒரு விதிவிலக்கு," என்றார் அத்தான். வீட்டில் இருந்த எல்லாத் தலையணையும் அன்று மாடிக்குப் போனது.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. மாலையில் ஒரு சின்ன ஹாலில் விருந்து. மாப்பிள்ளையின் நண்பர்கள் சிலர், ஆபீஸ்காரர்கள், எங்கள் சொந்தம். யாரும் கேட்காமலேயே அத்தான் மைக்கைப் பிடித்தார். மணமக்களைப் பிரெஞ்சில் ஆசீர்வதிக்கப் போவதாக அறிவித்தார். ஆபீஸ்காரர்கள் வேர்க்கடலைக்கு இவ்வளவு தெரியுமா என்று வாயைப் பிளந்தார்கள். அத்தான் மாப்பிள்ளை தலைமேல் கையை வைத்து, கணீரென்று, உங்கள் மகனை 'ப்லெஸ்' செய்கிறேன் என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னார். பிறகு என் மகளையும் ப்லெஸ் செய்கிறேன் என்றார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, உங்கள் எல்லோரையும் ப்லெஸ் செய்கிறேன் என்று முடித்தார்.

ஆங்கிலத்தில் அது ஆசீர்வாதம். பிரெஞ்சில் 'ப்லெஸே' என்றால் காயப்படுத்துவது. புதிதாக வந்த மாமனார் தலையைப் பிடித்துக்கொண்டு, முதலில் உன்னைக் காயப்படுத்துவேன், அப்புறம் என் பெண்ணை, கடைசியில் இங்கே இருக்கிற ஒருத்தரையும் விட மாட்டேன் என்று அறிவித்தால் எந்த மாப்பிள்ளையும் கொஞ்சம் யோசிப்பான். இந்த மாப்பிள்ளை யோசித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தான். சம்பந்தியம்மா நாப்கினால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கினார். நாங்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கைதட்டினோம். மகள் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னபோது அத்தான் மைக்கை அணைத்துவிட்டு, "அதுவும் விதிவிலக்கு" என்றார்.

கல்யாணம் முடிந்து மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். சம்பந்தியம்மா ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டுத் தனியாகப் போவதாக ஏற்பாடு. மொழிபெயர்க்க ஆள் இல்லாத வீட்டில் இனி தன் காலம்தான் என்று அத்தானுக்குத் தெம்பு வந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்த அம்மாள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். வெயில் வேளை. வியர்த்துக் கொட்டியது. வாசலில் நின்று பார்த்த அத்தானுக்கு இரக்கம் வந்தது. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கள் என்று சொல்ல நினைத்தார்.

"ரெஸ்தே, மதாம், ரெஸ்தே!" என்றார். அவர் நிமிர்ந்து பார்க்கவும், பெட்டியை இவரே மூடி ஓரமாக வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிடாத குறையாக இன்னொரு முறை, "ரெஸ்தே!"

சம்பந்தியம்மாவின் கண் கலங்கியது. எழுந்து வந்து அத்தானைக் கட்டிக்கொண்டார். அக்காவையும் கட்டிக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து, அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

"ரெஸ்ட் எடுக்கத்தானே சொன்னேன், எதுக்கு அலமாரியில வைக்கறாங்க?" என்றார் அத்தான்.

சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தது. அக்காதான் எடுத்தாள். "அம்மா, அப்பா அத்தையைப் போகாதீங்கன்னு கெஞ்சினாராமே! அத்தை அழுதுட்டாங்க. போன வருஷம் ரிட்டயர் ஆனதுலேர்ந்து வீட்ல ஒண்டியா இருக்காங்கம்மா. இருந்துட்டுப் போங்கன்னு இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லையாம். விசா முடியற வரைக்கும் அங்கேயே இருக்காங்களாம்."

'ரெஸ்தே' என்றால் தங்கு, இங்கேயே இரு என்று அர்த்தம். ஓய்வெடு என்று அல்ல. அக்கா போனை வைத்துவிட்டு அத்தானிடம், "உங்க பொண்ணு உங்களை ரொம்பப் பாராட்டினா" என்று மட்டும் சொன்னாள்.

அப்படியாகச் சம்பந்தியம்மா எங்கள் வீட்டு மனுஷியானார். காலை டிபனுக்கு அவரை அழைப்பது அத்தானின் பொறுப்பு. உங்களுக்குப் பணிவிடை செய்யக் காத்திருக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்ல, அட்டெண்ட் என்பதிலிருந்து ஒரு வாக்கியம் செய்திருந்தார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று உரக்கச் சொன்னார்: "ஜ வூஸ் அத்தான்!"

அடுப்படியிலிருந்த அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னங்க இது! பொம்பளை குளிக்கற இடத்துல போய் நின்னுகிட்டு அத்தான், அத்தான்னு கத்தறீங்க?"

"ஐயோ, அது வினைச்சொல்லு!"

"எந்தச் சொல்லா இருந்தாலும் கதவுகிட்ட நின்னு சொல்லாதீங்க."

பிரெஞ்சில் அதற்கு, உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறேன் என்று பொருள். ஆகவே அந்த அம்மாள் தினமும் பாதிக் குளியலில், சோப்பு நுரை காதில் இருக்க, தலையைத் துவட்டியபடி அரக்கப்பரக்க வெளியே வருவார். இவ்வளவு அவசரம் ஏன் என்று அத்தானுக்குப் புரியவில்லை. அவர்கள் ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று எங்களிடம் விளக்கினார்.

ஒரு நாள் சம்பந்தியம்மா தன் வேலையைப் பற்றி ஏதோ சொன்னார். 'கோந்துயிர்' என்றும் பஸ் என்றும் அதில் வந்தது. கண்டக்ட், பஸ். இதற்கு மேல் என்ன வேண்டும்? "அவங்க பஸ் கண்டக்டரா இருந்தாங்களாம்," என்று அத்தான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிநேகமாக, டிக்கெட் கிழிக்கிற மாதிரி கையைக் காட்டிச் சிரிப்பார். அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் அவருக்கு மூக்குத் துடைக்கக் காகிதம் கிழித்துக் கொண்டுவந்து கொடுப்பார். சளித் தொல்லை தீராத மனிதர் என்று நினைத்திருக்க வேண்டும்.

உண்மையைக் கண்டுபிடித்தது அக்கா. முந்நூறு இருக்கட்டும், ஒரு வினைச்சொல் கூடத் தெரியாதவள்.

அத்தான் ஆபீஸ் போன ஒரு காலையில் அக்கா கார்ப் போர்வையை உதறக் கழற்றினாள். துணி காயப்போட வந்த சம்பந்தியம்மா அப்படியே நின்றுவிட்டார். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சீட்டைப் பின்னால் தள்ளினார், கண்ணாடியைத் திருப்பினார், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்து, பெரிய வண்டியைத் திருப்புகிறவர் போல உடம்பையே சாய்த்துத் திருப்பினார். வாயாலேயே பஸ் சத்தம் எழுப்பினார். பிறகு தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். கண்டக்டர் இப்படித் தட்ட மாட்டார் என்று அக்காவுக்குப் புரிந்தது.

அடுத்து அந்தப் பெரிய விரல் அக்காவை நோக்கி நீண்டது. நீ?

அக்கா உள்ளே போய் லைசென்ஸை எடுத்து வந்து காட்டினாள். சம்பந்தியம்மா அதிலிருந்த இளம்பெண்ணைப் பார்த்தார். எதிரே நிற்கிறவளைப் பார்த்தார். தூசு படியாத காரைப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். என்ன வார்த்தை என்று அக்காவுக்குத் தெரியாது. ஆனால் தமிழிலும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வோம், எழுத மாட்டோம்.

அன்றே சாவி ஆணியிலிருந்து இறங்கியது. பழைய குடோனுக்குப் பின்னால் ஒரு பெரிய வெற்றிடம் உண்டு. அத்தானின் ஜீப் தெருமுனையைத் தாண்டியதும் இவர்கள் அங்கே போய்விடுவார்கள். அக்கா பதற்றப்பட்டால் சம்பந்தியம்மா உள்ளங்கையைத் தாழ்த்தி, "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். மெதுவாக என்று பொருள். கொஞ்ச நாளில் அவரும் 'மெதுவா', 'நில்லு', 'போ' என்று தமிழில் அதட்டக் கற்றுக்கொண்டார். மொழி வளர்ச்சி என்றால் இதுதான். ஒரு நாள் ரிவர்ஸ் எடுக்கும்போது கல்தூணில் இடித்துவிட்டது. சம்பந்தியம்மா இறங்கிப் பார்த்தார், உதட்டில் விரலை வைத்தார். அதன்பின் காரை ஷெட்டில் அடிபட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தினார்கள். ஊரில் உள்ள நசுங்கலையெல்லாம் டார்ச் அடித்துக் கண்டுபிடிக்கிறவர் வீட்டில், அந்த நசுங்கல் போர்வைக்குள் நிம்மதியாகத் தூங்கியது.

ஒரு விடுமுறை நாள். மதியச் சாப்பாட்டுக்கு முன் அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் அடுத்த தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஓடிப் போனேன். அத்தான் கூடத்தில் உருண்டுகொண்டிருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முகம் சாம்பலாகி, வாந்தி வேறு. பிரெஞ்சும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. சுத்தமான தமிழில் "அம்மா" என்று அலறினார். வலி வந்தால் மனிதனுக்கு வேர்ச்சொல் தானாக வரும்போலிருக்கிறது.

"கிட்னியில கல்லா இருக்கும் அத்தான்," என்றேன். ஆம்புலன்ஸுக்கு அடித்தால் வண்டி வெளியே போயிருக்கிறது என்றார்கள். டாக்சி கிடைக்கவில்லை. அக்கா போய்ச் சாவியை எடுத்தாள்.

அத்தானுக்கு வலியிலும் கண் விரிந்தது. "யாரு ஓட்டப் போறது?"

"நான்தான்."

"நீயா? மச்சான், என்னை இங்கேயே சாக விட்டுடு!"

சம்பந்தியம்மா அவரை ஒரு மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா வண்டியை எடுத்தாள். மார்க்கெட் தெருவின் நெரிசலில் கை வண்டிக்கும் லாரிக்கும் நடுவே அவள் நுழைந்து போனதைப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவள் பின்கழுத்தில் ஒரு நடுக்கம் இல்லை. அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாதியை வலிக்காகவும் பாதியை வண்டிக்காகவும் அலறினார்.

முன்சீட்டிலிருந்து சம்பந்தியம்மா திரும்பி அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார். "ஸா வா பாஸே," என்றார். "ஸா வா பாஸே."

சரியாகிவிடும், இதுவும் கடந்து போகும் என்று விழுந்து அடிபட்ட குழந்தைக்குச் சொல்கிற சாதாரண வார்த்தை. அத்தான் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பாஸ்... கல்லு பாஸ் ஆயிடும்னு சொல்றாங்க மச்சான்."

"ஆமா அத்தான், நீங்க பேசாம வாங்க."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "சின்னக் கல்லுதான் சார். தண்ணி நிறையக் குடிங்க. தானா பாஸ் ஆயிடும்." அத்தான் படுக்கையிலிருந்தே எங்களைப் பெருமையாகப் பார்த்தார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு அது. அதற்கு ஒரு கல் தேவைப்பட்டது.

கல் போன பிறகு அத்தான் எழுந்து செய்த முதல் காரியம், டார்ச்சை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனது. அக்கா கைகட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். சுவருக்கும் காருக்கும் நடுவே அவர் உடம்பைச் செருகிக் குனிந்தார்.

"பின்பக்கம், இடது மூலை. கல்தூண். ரிவர்ஸ்ல மெதுவா வந்து இடிச்சிருக்கு. துரு பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. போன மாசத்து அடி."

"சரியாச் சொல்றீங்க. க்ளெய்ம் கிடைக்குமா?"

"டிரைவர் யாருன்னு கேப்பாங்க."

"பொண்டாட்டின்னு எழுதிக்குங்க."

அத்தான் நிமிர்ந்தார். "உனக்கு யாரு பழக்கி விட்டா?"

"சம்பந்தியம்மாதான். அவங்க கண்டக்டர் இல்லங்க. டிரைவர். முழு பஸ்ஸை ஓட்டினவங்க."

"கோந்துயிர்னா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். உள்ளே போய் மாப்பிள்ளை பரிசாகக் கொடுத்திருந்த பிரெஞ்சு அகராதியைப் பிரித்தார். ஆங்கில அகராதி கிழிந்து தொங்கிய வீட்டில் இது அட்டை மடங்காமல் இருந்தது. கோந்துயிர், வண்டி ஓட்டுதல். அங்கே நிறுத்தியிருக்கலாம். மனிதர் தைரியமாக ஒவ்வொன்றாகத் தேடினார். அத்தாந்த்ர், காத்திருத்தல். ரெஸ்தே, தங்குதல். அறைக் கதவு வெகுநேரம் திறக்கவில்லை. திறந்து வந்தபோது, பழைய அடி என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியவர் முகத்தில் புது அடி தெரிந்தது.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் அவங்களைப் போகாதீங்கன்னா சொல்லியிருக்கேன்?"

"ஆமா."

"கொஞ்ச நேரம் படுத்துக்கத்தான் சொன்னேன்."

"தெரியும். பொண்ணு போன்ல சொன்னப்பவே தெரியும்."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

அக்கா ஒரு துணியை மடித்து முடித்தாள். "எனக்கு அவங்க இருக்கணும்னு இருந்துச்சு."

இந்தப் பதிலை அக்கா பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அத்தான் அதற்கு விதிவிலக்கு என்று சொல்லவில்லையாம். மடிக்காத துணிகளில் ஒன்றை எடுத்துத் தானும் மடித்தாராம். அதை அக்கா மறுபடி பிரித்து மடிக்க வேண்டியிருந்ததாம்.

சம்பந்தியம்மாவின் விசா முடிந்தது. விமான நிலையத்துக்கு அக்காதான் ஓட்டினாள். முன்சீட்டில் சம்பந்தியம்மா, பின்னால் பெட்டிகளும் அத்தானும். வாசலில் அந்த அம்மாள் அக்காவைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு அத்தானிடம் வந்து நீளமாக ஏதோ சொன்னார். அத்தானுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. முதன்முறையாக, புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. "மெர்ஸி," என்றார். அது வினைச்சொல் கூட அல்ல. ஆனால் சரியான இடத்தில் சரியான பொருளில் அவர் சொன்ன பிரெஞ்சு அதுதான்.

இப்போது அத்தான் ரிட்டயர் ஆகிவிட்டார். சாயங்கால பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்திருக்கிறார். எடுத்த எடுப்பில் மேல்வகுப்பு கேட்டாராம். வாத்தியாரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டு முதல் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். 'நான் இருக்கிறேன்' என்று பிரெஞ்சில் சொல்லச் சொன்னார். முந்நூறு வினைச்சொற்களில் அது இல்லை. தண்டிக்கத் தெரியும், முடிக்கத் தெரியும், இருக்கத் தெரியாது. இருப்பது, வைத்திருப்பது, போவது, செய்வது என்று அன்றாடப் பிழைப்புக்கு வேண்டிய வினைச்சொற்கள் எதுவும் ஆங்கில ஜாடையில் இல்லையாம். என்ன நியாயம் இது என்று என் கடையில் வந்து நின்று கேட்டார். நான் இருமல் மருந்து கொடுத்து அனுப்பினேன்.

இந்த வாரம் 'போவது' பாடம். நான் போகிறேன் என்றால் 'ஜ வே'. நீ போகிறாய் என்றால் 'தூ வா'.

"வான்னா போறதாம் மச்சான்! எந்த ஊர்ல உண்டு இப்படி?"

"நம்ம வீட்ல கூட வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போறோம், அத்தான்," என்றேன்.

அதற்கும் அவர் வேர் தேட ஆரம்பித்தார். அதற்குள் வெளியே ஹார்ன் அடித்தது. அக்கா காரில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நீச்சல் வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது; போகிற வழியில் இவரை இறக்கிவிட வேண்டும்.

"வர்றீங்களா, நான் போகட்டுமா?"

அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.